அந்த 15 மில்லிமீட்டர் யாருக்காக?

பக்கக்காற்று:
நேற்று ஒருவர் எழுதியிருந்தார்: "2023ல் எஃப்1 பந்தயக் கார்களின் ஃப்ளோர் (அடித்தளம்) விளிம்பை 15 மிமீ உயர்த்தியதே மெர்சிடிஸ் அணியைக் காப்பாற்றத்தான்." எதையாவது எழுதிவிட்டுப் போக வேண்டியது! 2022 விதிப்படி அடியில் காற்றுச் சுரங்கம் வைத்த கார்கள் அடிக்காற்றால் தரையோடு உறிஞ்சப்பட்டன, நேர்பாதையில் குதித்தன. பாகு பந்தயத்தில் மெர்சிடிஸின் ஹாமில்டன் முதுகைப் பிடித்துக்கொண்டு இறங்கினாரே. விளிம்பு உயர்ந்தால் உறிஞ்சல் குறையும், குதிப்பும் குறையும். அவ்வளவுதான்.

ஏழாம்கியர்:
எழுதியது நான்தான், பெயரைச் சொல்லியே திட்டலாம். முதுகு வலித்தால் காரைக் கொஞ்சம் உயர்த்தி ஓட்ட வேண்டியதுதானே, யார் தடுத்தது? ஒரு அணி குதித்ததற்குப் பத்து அணியும் ஃப்ளோரை மறுபடி வரைய வேண்டுமா? 15 மிமீ சார், 15!

பக்கக்காற்று:
உயர்த்தினால் டவுன்ஃபோர்ஸ், அதாவது காரைத் தரையோடு அழுத்தும் காற்றுவிசை, போகும். எந்த அணி தானாக விட்டுக்கொடுக்கும்? விதி போடும் எஃப்ஐஏ முதலில் கேட்டது 25 மிமீ. அணிகள் முரண்டுபிடித்துத்தான் 15 ஆனது. அந்த 2023ல் 22 பந்தயத்தில் 21 ரெட்புல் அணிக்கு. நல்லாத்தான் காப்பாற்றினார்கள்!

ஏழாம்கியர்:
காப்பாற்றப் பார்த்தார்கள் என்றுதான் சொல்கிறேன். 15 மிமீ தூக்கிக் கொடுத்தும் தேறாதது அவர்கள் லட்சணம். சைடுபாடே (பக்கப்பெட்டியே) இல்லாத அந்த அதிசய வடிவத்தை மொனாக்கோவில் அவர்களே தலைமுழுகினார்கள்.

மழைடயர்:
2021ல் பின்சக்கரத்துக்கு முன்னால் ஃப்ளோரைக் கோணலாக வெட்டியது மறந்துவிட்டதா? பின்பக்கத்தைத் தாழ்த்தி ஓடிய மெர்சிடிஸும் ஆஸ்டன் மார்ட்டினும்தான் அடிவாங்கின. காரணம் கேட்டால் டயர் தாங்காதாம். அது யாருக்காக?

ஏழாம்கியர்:
அந்த ஆண்டும் அணிப் பட்டம் மெர்சிடிஸுக்குத்தான். இதில் அழுகை வேறு.

மழைடயர்:
ஓட்டுநர் பட்டம் பற்றியும் பேசலாமா? அபுதாபியில் கடைசிச் சுற்றில் ஹாமில்டன் கையைவிட்டுப் போனதே?

பழையபிட்லேன்:
தயவுசெய்து வேண்டாம், போனமுறை திரியையே பூட்டினார்கள். விதிமாற்றம் என்றால் 1983. அடிப்பகுதி தட்டையாக இருக்க வேண்டும் என்றதும் டவுன்ஃபோர்ஸ் தந்த நீண்ட பக்கப்பெட்டிகளுக்கு வேலையே இல்லாமல் போனது. அந்த ஆண்டின் பிரபாம் பிடி52 காரைப் பாருங்கள், அம்பு மாதிரி இருக்கும். நீங்கள் 15 மிமீக்கு மல்லுக்கட்டுகிறீர்கள்.

ஏழாம்கியர்:
1983ல் எல்லாருக்கும் ஒரே வெட்டு ஐயா. 15 மிமீ ஒருவருக்காக.

பழையபிட்லேன்:
ஒரே வெட்டா? டர்போ இன்ஜின் இல்லாத அணிகள் டவுன்ஃபோர்ஸை வைத்துத்தான் பிழைத்தன. அதைப் பிடுங்கியதும் டர்போக்காரர்கள் பாடு கொண்டாட்டம். கொஞ்சம் படித்துவிட்டு வரலாம்.

ஏழாம்கியர்:
2014ல் வி6 ஹைப்ரிட் இன்ஜின் வந்தபோது "ஃபெராரிதான், எழுதி வைத்துக்கொள்ளுங்கள்" என்ற மகானா பேசுவது? எழுதி வைத்திருக்கிறேன். அந்த ஆண்டு ஃபெராரி வென்றது பூஜ்யம்.

பழையபிட்லேன்:
ஃப்ளோரைப் பற்றிப் பேசினால் பதில் சொல்லலாம்.

ஏழாம்கியர்:
நான் ஆரம்பத்திலிருந்து அதைத்தானே பேசுகிறேன்? 15 மிமீ!

பக்கக்காற்று:
2026ல் அந்த அடிச்சுரங்க ஃப்ளோரே போய்விட்டது, இன்னும் 15 மிமீயா?

ஏழாம்கியர்:
அதை யாருக்காக எடுத்தார்கள் என்று தனித்திரி தொடங்குகிறேன். வந்துவிடுங்கள்.