ஆசிரியப் பயிற்சியில் விஞ்ஞானமும் சமூகமும்: தனிப்பாடம் தேவையா?

கனகராயன்: விஞ்ஞானமும் தொழில்நுட்பமும் சமூகமும் எங்கே முட்டிக்கொள்கின்றன என்பதை, கல்வியியற் கல்லூரி ஆசிரிய மாணவர்களுக்குத் தனிப்பாடமாகவே வைக்க வேண்டும். 2021 மே மாதம் இலங்கை அரசு இரசாயன உர இறக்குமதியைத் தடுத்தது, நவம்பரில் தடையை நீக்கியது. இடையில் வன்னிக் கமக்காரர் பட்ட பாடு தெரியும்தானே. அப்போது வகுப்பில் ஒரு பிள்ளை "ஏன் சேர் எங்கட வயல் மஞ்சளாகுது?" என்று கேட்டிருந்தால், கட்டுறுப் பயிலுநர், அதாவது பாடசாலையில் பயிற்சிக்கு நிற்கும் ஆசிரிய மாணவர், என்ன சொல்லியிருப்பார்?

சுண்ணக்கட்டி: நைதரசன் குறைபாடு என்று. அதையே ஒழுங்காகச் சொன்னால் போதும். கீழ் இலைதான் முதலில் மஞ்சளாகும். அதிலுள்ள நைதரசனைப் பயிர் இளம் இலைக்கு இழுத்துக்கொள்ளும். இதை விளக்கத் தெரியாமல் பயிற்சி முடித்து வருகிறார்கள். ஆய்வுகூடத்தில் அமிலப் போத்தல் வெறுமையாய்க் கிடக்கிறது, அதற்குள் சமூகமா?

கனகராயன்: நைதரசனோடு நிறுத்தினால் பாடம் பாதியில் நிற்கும் அண்ணை. யூரியாவில் நைதரசன் 46 வீதம். 50 கிலோ பையில் 23 கிலோ. 1 வீதம் நைதரசன் உள்ள கூட்டெருவில் அதே அளவு வேண்டுமென்றால் 2300 கிலோ! தரம் 9 பிள்ளை போடும் கணக்கு. அப்புறம் கேளுங்கள்: அவ்வளவுக்கு மாடு எங்கே, குழை எங்கே, உழவு இயந்திரக் கூலி யார் தருவது? போட்டாலும் எரு மெல்லத்தான் உக்கி நைதரசனை விடும், பயிர் அதுவரை காத்திருக்குமா?

வயலோரம்: உரம் பரவாயில்லை. கிளிநொச்சி இரணைமடுக் குளத்தை எடுத்தால்? அதிலிருந்து யாழ்ப்பாணத்துக்குக் குடிநீர் கொண்டுபோக எங்கட கமக்காரர் எதிர்ப்பு, பிறகு யாழ்ப்பாணக் கரையோரத் தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம். வகுப்பில் பாதி கமக்காரர் பிள்ளைகள், ரீச்சர் யாழ்ப்பாணம். அவர் வாய் திறந்தால் மறுநாள் பெற்றோர் அதிபரின் அறையில் நிற்பார்கள்.

கனகராயன்: ரீச்சரைத் தீர்ப்புச் சொல்லச் சொல்லவில்லையே. சிறுபோகத்துக்கு எவ்வளவு நீர் வேண்டும், உப்பைப் பிரிக்கும் மின்சாரச் செலவு யார் தலையில், மிஞ்சும் உவர்நீரைக் கடலில் விட்டால் மீன்பிடிப்பவர் என்ன சொல்வார் என்று பிள்ளைகளே தேடட்டும். அதைச் சண்டை வராமல் நடத்தத்தான் பயிற்சி வேண்டும் என்கிறேன்.

சுண்ணக்கட்டி: சரி, பழக்குங்கள். ஆனால் தனிப்பாடம் என்றால் அதற்கும் ஒரு நோட்ஸ், ஒரு வினாத்தாள், மனப்பாடம். அந்த 2300 கிலோவை இரசாயன விரிவுரையிலேயே போட வைத்தால் நான் மறுக்கமாட்டேன்.

வயலோரம்: விரிவுரையாளரின் விருப்பத்துக்கு விட்டால் யாரும் தொடமாட்டார்கள் சேர். புள்ளி இல்லாததை எங்கட ஆட்கள் எப்போது படிப்பித்தார்கள்?