பழைய ரைஃபிளுக்கு உதிரிப் பாகம் தேடி அலைஞ்சவங்க இருந்தா எழுதுங்க

மணிமுத்தாறான்:
தாத்தா மாஞ்சோலை எஸ்டேட்ல இருந்தப்ப ஒரு துரை சீமைக்குக் கிளம்பையில கொடுத்துட்டுப் போன பிஎஸ்ஏங்கிற இங்கிலீஷ் கம்பெனி ஏர் ரைஃபிள், காத்தழுத்தத்துல சுடுறது. அடியில லீவர் உள்ளது. மூணு துப்பாக்கியைச் சாய்ச்சு நிறுத்துன முத்திரை இன்னும் தேயல. உள்ள காத்தை அமுக்குற பிஸ்டனோட தோல் வாஷர்தான் மக்கிப் பொடியாப் போச்சு. சுட்டா பெல்லட், அதான் ஈயக் குண்டு, குழலுக்குள்ளயே உக்காந்துக்கிடும். பர்மிங்ஹாம் சரக்குக்கு டவுன்ல எவன் வாஷர் வச்சிருப்பான்? அடிபம்பு சாமான் விக்கிற கடையில தோல் பக்கெட் வாஷர் ஒண்ணு வாங்கினேன். சுத்தளவு கொஞ்சம் கூட. ஜங்ஷன் பக்கம் செருப்புத் தைக்கிற பெரியவர்ட்ட குடுத்தேன். ஓரத்தை அழகாச் சீவிக்கிட்டே வந்தவர், "எந்த பம்புக்குய்யா?"ன்னார். "பம்புக்கு இல்ல, துப்பாக்கிக்கு"ன்னேன். கத்தியைக் கீழ வச்சுட்டார். வாஷரை நான் கொண்டு போன பேப்பர்லயே மடிச்சு நீட்டி, "எலெக்‌ஷன் நேரம். நான் பிள்ளகுட்டிக்காரன்." காசும் வாங்கல. வெறும் காத்தழுத்தத்துல சுடுறதுதான்னு எவ்வளவோ சொன்னேன், நிமிர்ந்தே பாக்கல. பெறகு மச்சான் அதை வேற ஒருத்தர்ட்ட சைக்கிள் பம்புக்குன்னு சொல்லி முடிச்சுட்டு வந்தான். இப்ப தகர டப்பாவுல ஓட்டை விழுது. ஆனா அந்தப் பெரியவர் உக்காந்திருக்க பக்கம் போக இன்னும் ஒரு மாதிரி இருக்கு.

வாழைத்தோட்டம்:
எங்களுது பயிர்ப் பாதுகாப்பு லைசென்ஸ். ஒத்தக்குழல், வாய் வழியா மருந்து கெட்டிக்கிற வகை. களக்காட்டுப் பக்கம் வாழை வச்சவனுக்குப் பன்னித் தொல்லை தெரியும். மருந்தைப் பத்த வைக்கிற கேப்பு மாட்டுற நிப்பிள் தேஞ்சு போச்சு. லேத் பட்டறைப் பையன் மரை கேஜைத் தகடு தகடா வச்சுப் பாத்தான், ஒண்ணும் உக்காரல. "ஓட்டையப் பெருசாக்கி மரை வெட்ட எட்டு எம்எம் டேப் விட்ருவோம்"னு மெஷின் பக்கம் திரும்பிட்டான். பட்டறை அண்ணாச்சி ஓடியாந்து குழல் மேல கையப் பொத்திக்கிட்டார். "லேய், உள்ள வெடிக்கது மருந்துல்லா? மரை பிடுங்குச்சுன்னா நிப்பிள் எங்க வரும்? சுடுதவன் கண்ணுக்குதாம்ல வரும்." கரி அப்பின கை, ரெண்டு விரல்ல நகமே கிடையாது. அந்தக் கைதான் மனசுல நிக்கி. துப்பாக்கி தேர்தலுக்கு ஸ்டேஷன்ல ஒப்படைச்சது, இன்னும் அங்கதான் கிடக்கு.

ரிட்டயர்டு ஃபிட்டர்:
என் அனுபவம் ரொம்பச் சின்னது. மைத்துனர் தன்னோட டயானா ஏர் கன்னுக்குத் தேங்காய் எண்ணெய் தாராளமா ஊத்தினார். முதல் சூட்டுல தீபாவளி மாதிரி சத்தம், குழல்ல புகை. பிஸ்டன் காத்தை அமுக்குற சூட்டுல எண்ணெய் பத்திக்கிடும், டீசல் எஞ்சின்ல நடக்கிற அதே வேலை. தோல் கருகி, ஸ்பிரிங்கும் சீக்கிரம் போகும். மணிமுத்தாறான், நீங்க புதுத் தோல் வாஷரை எந்த எண்ணெயில ஊறப்போட்டீங்கன்னு எழுதவே இல்லையே? ஊறின தோலை நல்லாத் துடைச்சு, ஒரு ராத்திரி வச்சிருந்துதான் மாட்டணும். இன்னொண்ணு, ரைஃபிள் மேல நம்பர் பாருங்க. பழைய பிஎஸ்ஏல 1ன்னா குழல் துளை .177 இஞ்சு, 2ன்னா .22. 2016 ஆயுத விதிப்படி .177க்கு மேல போனாலோ, குண்டு வெளிய வர்ற சக்தி 20 ஜூல் அளவைத் தாண்டினாலோ லைசென்ஸ் வேணும். தாத்தா காலத்துச் சாமான்னு சொன்னா எடுபடாது.

வாழைத்தோட்டம் தம்பி, அண்ணாச்சி கையப் பொத்தினது சரி. ஆனா நீங்க அங்க போனதே தப்பு. 1959 ஆயுதச் சட்டம் 5ஆம் பிரிவுல விக்கிறதுக்கு மட்டுமில்ல, ரிப்பேர் பாக்கிறதுக்கும் லைசென்ஸ் கேட்டிருக்கு. மாட்டினா அந்த மனுசன்தான் உள்ள போவார். மரை ஏன் சேரலைன்னா, பழைய இங்கிலீஷ் மரை இஞ்சுக் கணக்கு. விட்வொர்த் மரைக்குக் கோணம் 55 டிகிரி, நம்ம மில்லிமீட்டர் மரைக்கு 60. ரெண்டு சுத்து ஏறும், அப்புறம் கடிச்சுக்கிடும். அதை முறுக்கி ஏத்துறவன் ஃபிட்டரே இல்ல.

கல்லிடை:
ஃபிட்டர் சார், சட்டம் சரி. லைசென்ஸ் உள்ள கடைக்குத்தான் நாங்க போனோம். சித்தப்பாவோட .315 ரைஃபிள், பிடி கிட்ட மரக்கட்டை விரிசல். .303 ராணுவத் தோட்டாங்கிறதால அதைத் தனியாருக்குக் குடுக்காம, அதே ஜாடையில செஞ்ச ரைஃபிள். வேற ஊருக்கு லைசென்ஸ் புத்தகத்தோட தூக்கிட்டுப் போனா, கடைக்காரர் உறையைக்கூடக் கழத்தல. "கட்டை தனியா வராது, புதுசு பாருங்க"ன்னார், போன்ல இருந்து கண்ணெடுக்காம. சித்தப்பா ஒண்ணும் பேசல. பஸ்ல வரும்போது மடியில வச்சு உறை மேலயே தடவிக்கிட்டு வந்தார். நீங்க சொல்ற விதியெல்லாம் படிச்சவன் நம்ம பக்கம் ஒரு பட்டறை போட்டா நல்லாயிருக்கும்.

மணிமுத்தாறான்:
சார், என்னுதுல 1ன்னுதான் இருக்கு. ஊறப்போட்டது விளக்கெண்ணெய், துடைச்சுட்டுத்தான் மாட்டினேன்.

ரிட்டயர்டு ஃபிட்டர்:
விளக்கெண்ணெய் நாளாக நாளாகப் பிசுபிசுக்கும். மழைக்காலம் முடிஞ்சதும் ஒரு தடவை கழத்திப் பாருங்க. ஸ்பிரிங் அழுத்தத்துல இருக்கும், கிளாம்ப் இல்லாமக் கழத்தாதீங்க, பின்னாடி ஆள் நிக்கக் கூடாது.

கல்லிடை:
அந்த அடிபம்பு சாமான் கடை டவுன்ல எந்தப் பக்கம்?