மருத்துவர்–நோயாளி பேச்சை எழுத்தாக்கும்போது: இந்த மௌனம் யாருடையது?

குறிஞ்சி:
ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் சர்க்கரை நோய்க்காக வருபவர்கள் மருத்துவரோடு பேசுவதை உரையாடல் பகுப்பாய்வு முறையில் (பேச்சைப் பதிவுசெய்து, மௌனம் உட்பட வரிக்குவரி எழுதி ஆராய்வது) படிக்கிறேன். நெறிமுறைக் குழுவின் அனுமதியும் பேசுபவர்களின் ஒப்புதலும் வாங்கியாயிற்று. கையில் 22 சந்திப்புகள், ஆடியோ மட்டும். பேச்சை எழுத்தாக்க கெயில் ஜெஃபர்சன் வகுத்த குறியீட்டில் எழுதிய ஒரு துண்டு (மரு: மருத்துவர், நோயா: நோயாளி, அடைப்பில் உள்ள எண் மௌனத்தின் நீளம், வினாடியில்):

1 மரு: மாத்திரை ஒழுங்கா சாப்புடுறீங்களா?
2 (0.8)
3 நோயா: சாப்புடுறேங்க.
4 (0.4)
5 நோயா: காலைல மட்டும்.
6 மரு: காலைல மட்டுமா?

வரி 2-க்குப் பக்கத்தில் "பயத்தில் தயங்குகிறார்" என்று எழுதியிருந்தேன். வழிகாட்டி அடித்துவிட்டார். ஏன் கூடாது? இன்னொன்று, ஒலிப்பதிவை அலைவடிவமாகக் காட்டி ஆராயும் பிராட் மென்பொருளின் தானியங்கி மௌனக் கணிப்பு சொல்லுக்கு நடுவிலெல்லாம் இடைவெளி காட்டுகிறது. இருவரும் ஒரே நேரத்தில் பேசும் இடங்களைத் தமிழ் எழுத்தில் நேர்நேராக நிறுத்தவும் வரவில்லை.

வரிக்குவரி:
வழிகாட்டி அடித்தது சரிதான். பயம் பதிவில் கேட்காது, 0.8 வினாடி கேட்கும்.

மௌனம் யாருடையது என்று முதலில் பாருங்கள். கேள்வி கேட்டவர் அடுத்துப் பேச வேண்டியவரையும் சேர்த்தே தேர்ந்துவிட்டார். பேச்சு முறை ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு மாறுவது பற்றி, இந்த ஆய்வுமுறையின் முன்னோடிகளான சாக்ஸ், ஷெக்லாஃப், ஜெஃபர்சன் 1974-இல் சொன்ன விதி இது. ஆகவே வரி 2 நோயாளியின் மௌனம். வரி 4 அப்படியல்ல. "சாப்புடுறேங்க" என்று வினைமுற்று வந்து, "ங்க"வும் ஒட்டி, குரலும் இறங்கிவிட்டது. பதில் முடிந்தது. மருத்துவர் "சரி" என்று வாங்கிக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போகலாம், போகவில்லை. அந்த 0.4 வினாடிக்குப் பிறகுதான் "காலைல மட்டும்" வருகிறது. வழக்கமாக வினைக்கு முன்னால் நிற்க வேண்டிய சொற்கள் பின்னால் வருவதால், புதுப் பதிலாக இல்லாமல் முன் சொன்னதன் தொடர்ச்சியாகவே கேட்கிறது. ஆனால் "ஆமாம்" என்ற பதில் பாதி "இல்லை" ஆகிவிட்டது. மருத்துவர் அதை எப்படி எடுத்துக்கொண்டார் என்பதற்கு வரி 6 சாட்சி. ஊகம் தேவையில்லை, அடுத்தவர் பேச்சே சான்று.

0.8 நீளமா? பத்து மொழிகளை ஒப்பிட்டு 2009-இல் வந்த ஆய்வில், ஆம்/இல்லை கேள்விக்குப் பதில் வர எடுத்த சராசரி நேரம் 0.2 வினாடி அளவில்தான். தமிழ் அந்தப் பத்தில் இல்லை. அதனால் உங்கள் 22 சந்திப்பிலேயே சிக்கலில்லாத "ஆமாங்க" எவ்வளவு சீக்கிரம் வருகிறது என்று அளந்து, அதோடு ஒப்பிடுங்கள்.

அலைவரிசை:
பிராட் விஷயம். "மாத்திரை", "மட்டும்" இரண்டிலும் வல்லினம் இரட்டிக்கிறது. த்த, ட்ட சொல்லும்போது வாய்க்குள் காற்று அடைபட்டு, அலைவடிவம் கிட்டத்தட்ட தட்டையாகிவிடும். மென்பொருளுக்கு அது மௌனம், தமிழ்க் காதுக்கு அது எழுத்து. குறைந்தபட்ச மௌன அளவு 0.1 வினாடியில் இருந்தால் 0.2 ஆக்குங்கள், பிறகு ஒவ்வொன்றையும் காதால் சரிபாருங்கள். 0.2-க்குக் குறைவான உண்மையான இடைவெளிக்கு (.) போதும். மின்விசிறிச் சத்தம் இருந்தால் தானியங்கிக் கணிப்பை நம்பவே வேண்டாம். தணிந்த "ம்" எல்லாம் அதில் மூழ்கிவிடும். ஒரு நிமிடப் பேச்சுக்கு ஒரு மணி நேரம்கூட ஆகும், அதைத் தவிர்க்க வழியில்லை.

தமிழ் எழுத்துருவில் ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் அகலம். ஸ்பேஸ் தட்டி நேராக்கினால் வேறு கணினியில் கலைந்துவிடும். ஒரே நேரப் பேச்சைக் காட்டும் சதுர அடைப்புக்கு எண் கொடுங்கள்:

மரு: அப்ப ராத்திரி [1போடுறதே இல்ல1]
நோயா: [1மறந்துபோவுதுங்க1]

நீட்டலைக் காட்டும் முக்காற்புள்ளியை முழு எழுத்துக்குப் பின்னால் போடுங்கள்: "சரி::". ச-வுக்கும் இகரக் குறிக்கும் நடுவில் நுழைத்தால் எழுத்து உடைந்து புள்ளிவட்டம் வரும். பேச்சு அறுந்தால் "மாத்தி-". பெயர்களை மாற்றும்போது அசை எண்ணிக்கை மாறாமல் மாற்றுங்கள், இல்லாவிட்டால் கால அளவும் ஏற்ற இறக்கமும் பொருந்தாது.

ஏட்டுப்பார்வை:
ஆடியோ மட்டும் என்பது எனக்குப் பெரிய கவலை. வரி 2-இல் மருத்துவர் நோட்டில் எழுதிக்கொண்டிருந்தாரா, காதில் ஸ்டெதாஸ்கோப் இருந்ததா? இருந்தால் அந்த 0.8-க்குத் தயக்கம் என்று பொருள் சொல்லவே முடியாது. அடுத்த சுற்றுக்குக் காணொளிக்கு அனுமதி கேளுங்கள். இருவர் முகமும் மேசையும் ஒரே சட்டத்துக்குள் வர வேண்டும். அதுவரை ரத்த அழுத்தம் பார்க்கும் சத்தம், தாள் புரளும் சத்தம் எல்லாவற்றையும் இரட்டை அடைப்பில் குறியுங்கள்: ((தாள் புரளும் சத்தம்)).

பொருந்தாத உதாரணத்தை ஒதுக்கிவிடாதீர்கள். 1968-இல் ஷெக்லாஃப் ஏறத்தாழ 500 தொலைபேசி அழைப்புகளின் தொடக்கத்தைப் பார்த்தார். விதிக்கு உட்படாதது ஒன்றே ஒன்று. அந்த ஒன்றுக்காக விதியையே திருத்தி எழுதினார்.

குறிஞ்சி:
நன்றி. "வேற ஏதாவது பிரச்சனை இருக்கா?" என்று மருத்துவர் முடிக்கும் இடங்களும் 9 உள்ளன. பெரும்பாலும் "இல்லீங்க" என்றே பதில். மருத்துவர் கேள்வியில் ஒரு சொல்லை மாற்றினால் பதில் மாறுகிறதா என்று பார்த்த ஹெரிடேஜ் ஆய்வு இதற்குப் பொருந்துமா?

வரிக்குவரி:
அப்படியே பொருத்த வேண்டாம். 2007-இல் ஹெரிடேஜ் குழு அமெரிக்கக் குடும்ப மருத்துவர்களிடம் சோதித்தது, வேறு குறை உண்டா என்று கேட்கும்போது வரும் 'எனி' (any), 'சம்' (some) என்ற இரண்டு ஆங்கிலச் சொற்களை. 'சம்' சேர்த்துக் கேட்டபோது, சொல்லப்படாமல் போகும் குறைகளில் 78% மறைந்தன. நம் "ஏதாவது" அந்த இரண்டு வேலையையும் செய்யும் சொல். நீங்கள் ஒப்பிட வேண்டியது "ஏதாவது இருக்கா?", "வேற என்ன பண்ணுது?" இரண்டையும். முதலாவதுக்கு "இல்லீங்க" போதும், இரண்டாவது ஏதோ இருக்கிறது என்று வைத்துக்கொண்டே கேட்கிறது. எப்போது கேட்கிறார் என்பதையும் குறியுங்கள்: மருந்துச் சீட்டை நீட்டிக்கொண்டே கேட்டால், எந்தச் சொல்லைப் போட்டாலும் எழுந்து போகச் சொல்வதாகவே நோயாளிக்குக் கேட்கும்.