மறு: ஆர்க்கிடைப் – மூலவுரு, உலாவுரு என்று வைக்கலாமா?

அன்பு நண்பர்களே, வணக்கம். ஆர்க்கிடைப் (archetype), அதாவது கதைகளிலும் கனவுகளிலும் திரும்பத் திரும்ப வரும் அடிப்படை உரு, அதற்குத் தமிழில் மூலவுரு, உலாவுரு என்று வைக்கலாமா என்ற பேச்சில் நம் குழுவில் வந்த கேள்விகளுக்கு என் பதில் இது.

> தொல்படிமம் ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது. புதிதாக இன்னொன்று எதற்கு?

ஈப்போவிலிருந்து எழுதிய ஐயா கேட்பது நியாயம்தான். நானும் இவ்வளவு நாள் தொல்படிமம் என்றே எழுதி வந்தேன். இங்கே மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் படிவம் நான்கு பிள்ளைகளுக்கு அறிபுனைக் கதையும் (அறிவியல் புனைகதை) பேய்க்கதையும் எழுதச் சொல்லிக் கொடுக்கப் போனபோதுதான் அது இடித்தது. பலகையில் "ரோபாட் ஒரு தொல்படிமம்" என்று எழுதினேன். முன்வரிசையில் இருந்த பெண், "ரோபாட் புதுசுதானே ஐயா, அது எப்படித் தொல் ஆகும்?" என்றாள். ரோபாட் என்ற சொல்லே 1920இல் காரல் சாப்பெக் எழுதிய நாடகத்தில்தான் பிறந்தது. அவள் கேட்டது சரி. அதோடு, படிமம் என்ற சொல் கவிதைக்காரர்களிடம் வேறு பொருளில் நிலைத்துவிட்டது. மூலப்படிவம் என்றால் நம் ஊரில் இன்னும் குழப்பம். பிள்ளைகளுக்குப் படிவம் என்பது வகுப்பு, பெற்றோருக்கு அரசாங்க அலுவலகத்தில் நிரப்பிக் கொடுக்கும் பாரம்.

கிரேக்கத்தில் ஆர்க்கே என்பது தொடக்கம், டைப்போஸ் என்பது அடித்துப் பதித்த அச்சு. 1919இல் உளவியலாளர் கார்ல் யுங் இந்தச் சொல்லை உளவியலுக்குக் கொண்டுவந்தார். பிறகு அவரே ஒரு வேறுபாட்டை வற்புறுத்தினார்: மனத்தின் அடியில் இருப்பதை யாரும் நேராகப் பார்க்க முடியாது, கனவிலும் கதையிலும் அது எடுத்துக்கொள்ளும் தோற்றங்களை மட்டும்தான் பார்க்கலாம். ஆக, நமக்கு வேண்டியது இரண்டு சொற்கள். தொல்படிமம் இரண்டையும் ஒன்றாகக் கட்டிவிடுகிறது.

கோயிலில் மூலவர் இடம்விட்டு அசைவதில்லை. தெருவுக்கு வருகிறவர் உற்சவர், அன்றன்றைக்கு ஓர் அலங்காரம், ஒரு வாகனம். அதை வைத்துத்தான் அடியில் இருப்பதை மூலவுரு என்றும், வெளியே வந்து நடமாடுவதை உலாவுரு என்றும் சொல்லலாம் என நினைக்கிறேன்.

> சமய வாடை வேண்டாமே. தூய தமிழில் வேருரு என்று வைக்கலாம்.

பினாங்குத் தோழி சொன்ன வேருரு அழகான சொல். ஆனால் வாயால் சொல்லிப் பாருங்கள். நம் பேச்சில் ரகரமும் றகரமும் ஒன்றாகிவிட்டதால் "வேறு உரு" என்றுதான் காதில் விழும், பொருளே தலைகீழாகிவிடும். சமய வாடை பற்றி: மூலக்கூறு, மூலப்பொருள் என்று அறிவியல் பாடத்தில் தினமும் படிக்கிறோம். உலா நம் சிற்றிலக்கிய வகை ஒன்றின் பெயர். பிறந்த இடம் கோயிலாக இருந்தாலும் சொல் வெளியே வந்துவிட்டது.

இந்த இரண்டு சொற்களால் என்ன பயன் என்று காட்ட வீட்டுச் செய்தி ஒன்று சொல்கிறேன். ரப்பர் அழிந்து செம்பனை வருவதற்கு முன்பு அம்மாவும் பெரியம்மாவும் பக்கத்துப் பக்கத்து நிரையில் பால்மரம் வெட்டினார்கள். ஒருநாள் விடியுமுன், நெற்றி விளக்கு வெளிச்சத்தில், இரண்டு பேருக்கும் ஒரே பூவாசனை, ஒரே குழந்தை அழுகை. பிரசவத்தில் செத்துப் பேயான பெண்ணான பொந்தியானாக்தான் என்று இருவருக்கும் சந்தேகமே இல்லை. அம்மா வாளியைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். தலைப்பிள்ளையைப் பறிகொடுத்த பெரியம்மா ஓடவில்லை. "பாவம், புள்ளையத் தேடுறா" என்று சொல்லிவிட்டு அடுத்த மரத்துக்குப் போனாராம். மூலவுரு ஒன்று, பிள்ளையை இழந்த தாய். அம்மாவுக்கு அது பழிவாங்க வந்தவளாக உலா வந்தது, பெரியம்மாவுக்குத் தன்னைப் போன்ற ஒருத்தியாக. எந்தப் பேய்க்கு யார் எப்படிப் பயப்படுகிறார்கள் என்று கேட்டால் அந்த ஆளைப் பற்றித்தான் தெரியவரும் என்று நான் நம்புவதற்கு இந்த விடியற்காலைதான் காரணம்.

எதற்குப் பயப்படுகிறீர்கள் என்று பிள்ளைகளிடமும் கேட்டேன். பேய், வேற்றுக்கிரகவாசி என்று பலவும் வந்தன. நிறையப் பேர் எழுதியது ஜோம்பி, அதாவது எழுந்து நடமாடும் பிணம். பன்னிரண்டு மணி நேர ஷிப்டில் அப்பா வேலை செய்யும் வீட்டுப் பையன், "செத்தாலும் வேலைக்குப் போறவன்" என்று அதற்கு விளக்கம் எழுதியிருந்தான். அந்த வரியை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஜோம்பியின் வரலாறு அவனுக்குத் தெரியாது. பிரெஞ்சுக்காரர் ஆண்ட ஹைத்தியில், கரும்புத் தோட்ட அடிமைகளிடையே வளர்ந்த அச்சம் அது: செத்த பிறகும் எழுப்பி நிற்க வைத்து வேலை வாங்குவார்கள் என்பது. ரோபாட்டின் வேர்ச்சொல்லான செக் மொழி ரொபோட்டாவும் பண்ணையாருக்குக் கட்டாயமாகச் செய்யும் உழைப்பைத்தான் குறிக்கும். சாப்பெக்கின் ரோபாட்டுகள் இரும்பு எந்திரங்கள்கூட இல்லை, சதைபோன்ற ஒன்றால் செய்த உடல்கள். ஆக, பேய்க்கதையில் பிணமாகவும் அறிபுனையில் ரோபாட்டாகவும் வருவது ஒரே மூலவுருதான், தனக்கென்று மனம் மறுக்கப்பட்ட உழைப்பாளி. விடியுமுன் தோட்டத்துப் பெரட்டுக்களத்தில், வேலைக்குப் பெயர் கூப்பிடக் காத்து நின்ற தொழிலாளர்களின் பேரப்பிள்ளைகளுக்கு அந்த உரு பிடிபட்டதில் எனக்கு வியப்பில்லை. "தொல்" என்று ஒட்டியிருந்தால் இந்த இரண்டையும் ஒரே வரிசையில் வைத்துக் காட்டியிருக்க முடியாது.

இன்னொன்று. உரு என்பது வடிவம் மட்டுமில்லை. தொல்காப்பிய உரியியல் உருவுக்கு உட்கு, அதாவது அச்சம், என்று பொருள் சொல்கிறது. சாமியாடுகிறவருக்கு உருவேறுகிறது என்கிறோம். வடிவம், அச்சம், ஓர் ஆளுக்குள் வந்து இறங்குவது, மூன்றையும் தாங்கும் சொல்லைக் கையில் வைத்துக்கொண்டு படிமத்தைத் தேடிப் போக வேண்டுமா?

பெயரடைக்கு "மூலவுரு சார்ந்த" என்பது நீளமாக இருக்கிறது. "மூலவுருத் தாய்", "மூலவுருப் பகைவன்" என்று நேராகச் சேர்த்து எழுதிப் பார்த்தேன், பிள்ளைகள் தடங்கலில்லாமல் வாசித்தார்கள். ஸ்டீரியோடைப்புக்கு வார்ப்புப் பாத்திரம் இருக்கட்டும், அதை இதோடு கலக்க வேண்டாம். பிள்ளைகளுக்கான கைப்பிரதியை வெள்ளிக்கிழமை நகலெடுக்கக் கொடுக்கிறேன். மறுப்பு இருந்தால் அதற்குள் எழுதுங்கள், குறிப்பாக உலாவுரு பற்றி. அது கதைமாந்தருக்கு மட்டும் பொருந்துமா, பேய் வீடு போன்ற இடங்களுக்கும் பொருந்துமா என்பதில் எனக்கு இன்னும் முடிவு வரவில்லை.

அன்புடன்,
சுங்கை சிப்புட்டிலிருந்து