கல்யாண வேலைக்கு ஆர்பி67: நெல்லை வெயிலுக்கு ஒத்துவருமா?

பாளை_நெகட்டிவ்:
அண்ணாச்சிமாருக்கு வணக்கம். பாளையங்கோட்டைப் பக்கம் கல்யாண வேலை. தாலி கட்டுற திருப்பூட்டும் மத்தச் சடங்கும் எல்லாம் டிஜிட்டல்தான். மாப்பிள்ளை பொண்ணு போர்ட்ரெய்ட் மட்டும் மாமியா ஆர்பி67 புரோ-எஸ்ங்கிற பழைய பெரிய பிலிம் கேமரா, 127 எம்எம் லென்ஸ் வச்சு பிலிமில் எடுத்துக் கொடுக்கலாம்னு திட்டம். பழைய செட் வாங்குறப்போ என்ன பார்க்கணும்? மே மாசச் சூட்டில் பிலிமை எப்படி வச்சுக்கணும்? கலர் ரோலை வீட்டிலேயே கழுவலாமா?

கொக்கிரகுளம்67:
முதல்ல லென்ஸைப் பாருங்க தம்பி. ஆர்பியில் ஷட்டர் லென்ஸுக்குள்ள இருக்கு. எண்ணெய் காய்ஞ்சா மெதுவான ஸ்பீடுகள்தான் முதல்ல இழுக்கும். போனில் நொடிக்கு 240 ஃபிரேம் ஸ்லோமோஷன் போட்டு, லென்ஸ் வழியா வெளிச்சத்தைப் பார்த்து எடுங்க. ஷட்டர் திறந்திருக்கிற ஃபிரேம்களை எண்ணணும்: 1/8 செகண்டுக்கு 30, 1/30 செகண்டுக்கு 8. 30க்குப் பதிலா 40 வந்தா அரை ஸ்டாப்புக்கும் (ஒரு ஸ்டாப்னா வெளிச்சம் ரெண்டு மடங்கு, இல்லேன்னா பாதி) கம்மிதான், கலர் நெகட்டிவ் தாங்கிக்கும். 1 செகண்ட் பாதியில் நின்னுபோனா சர்வீஸ் செலவை விலையில் கழிச்சுக் கேளுங்க.

அடுத்து பெல்லோஸ், அதாவது ஃபோகஸுக்கு நீளுற மடிப்புத் துருத்தி. இருட்டறையில் உள்ளே டார்ச் அடிச்சு, முழுசா இழுத்து, மடிப்பு மூலைகளில் ஓட்டை இருக்கான்னு பாருங்க. பேக்கில் (கேமரா பின்னாடி பிலிம் மாட்டுற பெட்டி) வெளிச்சம் புகாம அடைக்கிற ஃபோம் நம்ம ஊர்ச் சூட்டில் பிசுபிசுத்து உதிரும். எப்படியும் மாத்தத்தான் வேணும். பேக்கும் புரோ-எஸ் பேக்காவே இருக்கட்டும். பழைய மாடல் பேக்கில் பிலிமை ஓட்ட மறந்தாலும் ஷட்டர் அடிக்கும், ஒரே ஃபிரேமில் ரெண்டு படம் விழும்.

நெத்திச்சுட்டி, வளையல்னு கிட்டப் போகும்போது கவனம். 127-இல் பெல்லோஸை முழுசா இழுத்தா ஏறக்குறைய 1 ஸ்டாப் வெளிச்சம் குறையும். கையில் வச்சிருக்கிற மீட்டருக்கு அது தெரியாது; பாடி பக்கவாட்டில் இருக்கிற அளவைப் பார்த்து நீங்கதான் கூட்டணும்.

இந்தக் கேமராவை நம்ம வெயிலில் தூக்கிச் சுமக்க உண்மையான காரணம் ஃபிளாஷ். 1/400 வரைக்கும் எல்லா ஸ்பீடிலும் சிங்க் ஆகும், அதாவது ஷட்டரோடு சேர்ந்து எரியும். போர்ட்ரா 160 கலர் பிலிம் போட்டு உச்சிவெயிலில் 1/400, எஃப்11 வச்சா பின்னணி லேசா அடங்கும், முகத்துக்கு ஃபிளாஷ் கொடுத்துக்கலாம். லென்ஸில் ஃபிளாஷ் எரியும் நேரத்தை மாத்துற எம்/எக்ஸ் லிவர் இருந்தா எக்ஸ்-இல் இருக்கணும். எம்-இல் கிடந்தா ஷட்டர் திறக்கும் முன்னாடியே ஃபிளாஷ் எரிஞ்சு அடங்கிடும்.

பொருநை_இருட்டறை:
நம்ம ஊரில் கருப்பு வெள்ளையை விட கலர் கழுவுறதுதான் சுலபம். கலர் நெகட்டிவ் கழுவுற சி-41 முறையில் டெவலப்பருக்கு 37.8 டிகிரி, 3 நிமிடம் 15 விநாடி. குழாய்த் தண்ணியே 30 டிகிரிக்கு வரும்போது வாளியில் ஒரு சூ-வீட் ஹீட்டர் (தண்ணியை ஒரே சூட்டில் வச்சிருக்கிற சமையல் ஹீட்டர்) போட்டா மீதி 8 டிகிரி லேசா ஏறிடும். பிலிம் இருக்கிற டேங்கையும் அதே தண்ணியில் 5 நிமிடம் நிறுத்துங்க, இல்லேன்னா ஊத்துன உடனே சூடு இறங்கி நெகட்டிவ் மெலிஞ்சுபோகும்.

கருப்பு வெள்ளைக்குத்தான் ஐஸ் வேணும். ஹெச்பி5 பிலிம், டி-76 டெவலப்பரில் சம அளவு தண்ணி கலந்து (1:1) 20 டிகிரிக்கு 11 நிமிடம், 24 டிகிரிக்கு சுமார் 8. அதுக்கு மேல சூடானா நேரம் ரொம்பச் சுருங்கி, வானத்தில் திட்டுத் திட்டா வரும். போர் தண்ணியில் உப்புக்கறை படியும். கடைசி அலசலுக்கு மட்டும் டிஸ்டில்டு வாட்டர் வாங்கிக்கோங்க.

தென்காசி_சாரல்:
அண்ணாச்சி சொன்ன முறை சரிதான், ஆனா கல்யாண ரோலை வீட்டில் கழுவக் கூடாதுங்கிறது என் கருத்து. கிட் கெமிக்கல் பழசானா கலர் சாயும், திரும்ப எடுக்க வழியில்லை. சொந்த ரோலில் கை பழகட்டும். கல்யாண ரோல் தினமும் சி-41 ஓட்டுற லேபுக்குப் போகட்டும். விமானத்தில் போனா செக்-இன் பெட்டியில் போடவே போடாதீங்க, அந்த எக்ஸ்ரே பிலிமைப் புகைமூட்டமாக்கிடும்.

பிலிம் 13 டிகிரிக்குக் கீழே ஃபிரிட்ஜில் இருக்கணும். வெளியே எடுத்து ரெண்டு மணி நேரம் ஆன பிறகு கவரைப் பிரிங்க, இல்லேன்னா ஈரம் கோக்கும். மண்டபத்து வாசலில் நிக்கிற காருக்குள்ள பையை விட்டுடாதீங்க. எடுத்து முடிச்ச ரோலை இறுக்கிச் சுத்தி ஒட்டி அலுமினியத் தாளில் மடிச்சு வைங்க. தளர்ந்த ரோலில் ஓரம் வெளுத்துப்போகும். சாரல் மாசங்களில் லென்ஸை 40-50 சதவீத ஈரத்தில், டிரை கேபினெட்டில் வைக்கணும். பூஞ்சை கோட்டிங்கை அரிச்சுட்டா துடைச்சாலும் போகாது.

விலை சொல்லும் முன்னாடி ரோல், கழுவுற கூலி, ஸ்கேன், கூரியர் நாலையும் கூட்டி 10-ஆல் வகுங்க. இந்தக் கேமராவோட 6x7 செ.மீ. அளவில் ரோலுக்கு 10 படம்தான்.

பாளை_நெகட்டிவ்:
நன்றி அண்ணாச்சி. வாங்குறதுக்கு முன்னாடி லென்ஸை ஸ்லோமோஷனில் பார்த்துடுறேன். ஸ்கேனுக்கு ஃபிளாட்பெட் ஸ்கேனர் போதுமா?

கொக்கிரகுளம்67:
ஆல்பத்துக்குப் போதும். சுவரில் மாட்டுற அளவுக்குக் கேட்டா டிஜிட்டல் கேமராவில் மேக்ரோ லென்ஸும், சிஆர்ஐ (நிறத்தைச் சரியாக் காட்டுற அளவு) 95க்கு மேல உள்ள எல்இடி பலகையும் வச்சு, நெகட்டிவை ரெண்டு மூணு பகுதியா படம் எடுத்து கம்ப்யூட்டரில் ஒட்டுங்க. நெகட்டிவ் வளையாம தட்டையா நிக்கலேன்னா ரெண்டு முறையிலும் ஓரம் மங்கும். நெகட்டிவைப் பிடிக்கிற ஹோல்டரை முதல்ல சரிபண்ணுங்க.