சுவர் நிறையப் படம் இருந்தால்தான் நேர்சரியா?

கடலோர_அம்மா:
மகளுக்கு மூன்றரை வயது. ஜனவரியில் சேர்க்க வேண்டும். கொழும்பு வெள்ளவத்தையில் வீட்டுக்குக் கிட்ட இரண்டு இடம் பார்த்தோம். இரண்டுமே வீட்டின் கீழ்மாடியை மாற்றி நடத்துகிறவைதான்.

முதலாவதில் நுழைந்தவுடன் கண் கூசிற்று. சுவரெல்லாம் கார்ட்டூன், ஃபேனைச் சுற்றி ரெஜிஃபோம் நட்சத்திரம். யன்னல் கண்ணாடியிலும் பழப்படம் ஒட்டி வெளிச்சத்தை மறைத்திருந்தார்கள். இரண்டாவதில் வெள்ளைச் சுவர். பிள்ளையின் இடுப்பளவில் ஒரு தட்டு, அதில் ஐந்தாறு பொருள், அவ்வளவுதான். நாங்கள் நின்ற நேரம் ஒரு பொடியன் ஒரு கிண்ணத்துப் பயறைக் கரண்டியால் மற்றக் கிண்ணத்துக்கு மாற்றிக்கொண்டிருந்தான். கொட்டியது. ஒருவரும் ஓடி வரவில்லை. அவனே குந்தியிருந்து பொறுக்கினான். நாங்கள் வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது.

எனக்கு இரண்டாவது பிடித்தது. இவருக்கு முதலாவது. "ஆஸ்பத்திரி மாதிரிக் கிடக்கு. இவ்வளவு காசு வாங்கினம், ஒரு படம் ஒட்டக்கூடாதோ" என்கிறார். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

கொட்டாஞ்சேனை_ரீச்சர்:
உங்கள் வீட்டுக்காரர் சொல்வதுதான் சரி, தங்கச்சி. பதினாலு வருடமாக முன்பள்ளி நடத்துகிறேன். என்னிடம் வருகிறவர்களில் பாதிப்பேர் ஒற்றை அறை வீட்டுப் பிள்ளைகள். வீட்டுச் சுவரில் ஒரு கலண்டர் தொங்கும், வாசிக்க அதுதான். வெறுஞ்சுவர், வீட்டில் எல்லாம் உள்ளவர்களுக்குத்தான் அழகு.

இன்னொன்று. வெள்ளவத்தையில் பரவாயில்லை. மற்றப் பக்கம் தெருவில் இறங்கினால் கடைப் பலகையில் சிங்களமும் ஆங்கிலமும் பெரிதாக இருக்கும், தமிழ் மூலையில், அதுவும் எழுத்துப் பிழையோடு. 'அ'வைப் பெரிதாகப் பார்க்க என் பிள்ளைகளுக்கு வேறு எந்தச் சுவர் இருக்கிறது?

கோடுகீறி:
கட்டட வரைபடம் கீறுவது என் தொழில், அதனால் மூக்கை நுழைக்கிறேன். 2014இல் அமெரிக்காவில் கார்னகி மெலன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 24 மழலை வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆறு அறிவியல் பாடம் நடத்தினார்கள். மூன்று பாடம் சோடித்த அறையில், மூன்று வெறும் அறையில். பிள்ளைகள் அதே பிள்ளைகள்தான். சோடித்த அறையில் பாட நேரத்தில் 38.6 வீதம் கவனம் வேறெங்கோ போனது, வெறும் அறையில் 28.4. பிறகு கேட்ட கேள்விகளில் சரியான விடை 42 வீதம், வெறும் அறையில் படித்ததற்கு 55. பார்க்காமல் இரு என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்ள அந்த வயதில் வராது.

வெறுஞ்சுவர் வசதிக்காரர் சமாசாரம் என்பதையும் ஒப்பமாட்டேன். பிள்ளை தன் கையால் செய்து பழகும் முறையைக் கொண்டுவந்த இத்தாலியக் கல்வியாளர் மரியா மொன்டிசோரி 1907இல் முதல் பள்ளியைத் திறந்தது ரோமில், சான் லொரென்சோ என்ற ஏழைத் தொழிலாளர் குடியிருப்பில். பிள்ளை தானே தூக்கும் கதிரை, கைக்கு எட்டும் தட்டு என்பதெல்லாம் அந்த வழியில் வந்தவை. 1944இல் அவர் இலங்கைக்கும் வந்து பயிற்சி கொடுத்துப் போனார். அவர் பெயரைத்தான் ஒழுங்கைக்கு ஒரு பலகையில் எழுதிவிட்டு உள்ளே கார்ட்டூன் எலி கீறி வைத்திருக்கிறோம்.

கொட்டாஞ்சேனை_ரீச்சர்:
24 பிள்ளை, ஆறு பாடம், அதுவும் அவர்களுக்குப் புது அறை. என் பிள்ளைகள் வருடம் முழுக்க ஒரே சுவரைப் பார்க்கிறார்கள். கலியாண வீட்டுச் சோடனை வாசலில் நுழையும்போதுதான் கண்ணில் படும். பந்தியில் உட்கார்ந்த பிறகு யார் பார்க்கிறார்கள்?

கோடுகீறி:
சரி ரீச்சர், ஒருவரும் பார்க்காத படத்தை எதற்கு ஒட்டுகிறீர்கள்?

கொட்டாஞ்சேனை_ரீச்சர்:
தாய் தகப்பனுக்கு. சேர்க்க வருகிறவர்கள் முதலில் பார்ப்பது சுவரைத்தான். மாதம் முடிந்தால் வாடகை கட்டுவது நான், கார்னகி மெலன் இல்லை.

தண்டவாளத்தோரம்:
படத்துக்காக இவ்வளவு சண்டை. அங்கே வெக்கையும் சத்தமும் பற்றி யாராவது கேட்டீர்களா? என் மகன் முதலாம் தரம். வகுப்பு யன்னல் பெரிய ரோட்டுப் பக்கம். திறந்தால் பஸ் ஹோர்ன், பூட்டினால் அவியல். ஃபேனைக் கூட்டினால் கொப்பி பறக்கிறது, ரீச்சரின் குரல் பின்வாங்குக்குப் போவதில்லை. விளையாட்டு, செயற்பாடு, மேசை வேலை என்று பாடத்திட்டத்தில் எழுதியிருக்கிறது. மேசைகளுக்கு நடுவில் காலை வைக்கவே இடமில்லை, எங்கே விளையாடுவது?

நியூயோர்க்கில் மேம்பால ரயிலுக்குப் பக்கத்தில் இருந்த ஒரு பள்ளியைப் பற்றி 1975இல் ஓர் ஆய்வு வந்தது. தண்டவாளப் பக்க வகுப்புகளில் ஆறாம் தரம் வரும்போது பிள்ளைகள் வாசிப்பில் மற்றப் பக்கத்தாரைவிட ஒரு வருடமளவு பின்தங்கியிருந்தார்கள். பிறகு தண்டவாளத்தில் ரப்பர் வைத்து, வகுப்புக் கூரையில் சத்தம் உறிஞ்சும் பலகை போட்ட பின் அந்த வித்தியாசம் இல்லாமல் போனது. கடற்கரை ரயில் பாதைக்கும் காலி வீதிக்கும் நடுவில் எத்தனை நேர்சரி இருக்கிறது, எண்ணிப் பாருங்கள்.

பழைய_மாணவன்:
நாங்கள் மரத்தடியில் இருந்து படித்தோம். ஒரு குறையும் வரவில்லை. எல்லாம் காசு பிடுங்கும் வேலை.

தண்டவாளத்தோரம்:
ஐயா, மரத்தடியில் வெளிச்சம், காற்று, கால் நீட்ட இடம் மூன்றும் இருந்தது. கொழும்பில் இன்றைக்கு அந்த மூன்றுக்கும்தான் காசு கேட்கிறார்கள்.

கோடுகீறி:
மரத்தடி ஒன்றும் பகிடியில்லை. 1960களில் நம்மூர்க் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவாவின் அலுவலகம் புனித பிரிஜட் கன்னியர் மடத்துக்கு ஒரு மொன்டிசோரிப் பள்ளி கட்டிக் கொடுத்தது. வளைந்த சுவர்கள், அவற்றுக்கு மேல் நன்றாக வெளியே நீண்ட பெரிய கூரை. வெயில் சுவரைத் தொடாது, காற்றுக்குத் தடையில்லை.

ரீச்சருக்கும் ஒரு புள்ளி விட்டுக்கொடுக்கிறேன். 2015இல் சால்ஃபோர்ட் பல்கலைக்கழகம் இங்கிலாந்தில் 153 ஆரம்ப வகுப்பறைகளைப் பார்த்து ஓர் அறிக்கை போட்டது. ஒரு வருடத்தில் பிள்ளைகளின் முன்னேற்றத்தில் காணப்பட்ட வித்தியாசத்தில் 16 வீதம் அறையால் வந்ததாம். அதில் பாதியளவு வெளிச்சம், காற்று, வெப்பம் போன்றவை. படத்தில் மிகக் கூடவும் நல்லதில்லை, ஒன்றுமில்லாமலும் நல்லதில்லை. சுவரில் 20 முதல் 50 வீதத்தைச் சும்மா விடச் சொல்கிறார்கள். ஒருக்கால் உங்கள் பிள்ளைகளின் கதிரையில் இருந்து சுவரைப் பாருங்கள்.

கொட்டாஞ்சேனை_ரீச்சர்:
நேற்றுப் பிள்ளைகள் போன பிறகு இருந்து பார்த்தேன். எழும்பத்தான் கஷ்டப்பட்டேன், அதை விடுங்கள். கண்ணுக்கு நேரே தெரிந்தது சுவிட்ச் போர்டும் என் கைப்பையும். உயிரெழுத்து அட்டையில் கீழ்வரிசை தெரிகிறது, மேல்வரிசை முழுக்க ட்யூப் லைட் பளபளப்பு. மேல்வரிசையில்தான் 'அ'. பதினாலு வருடம்!

அட்டையை இறக்கி மாட்டினேன். எடுக்கமாட்டேன், அதில் மாற்றமில்லை. ரெஜிஃபோம் வண்ணாத்திப்பூச்சிகளைக் கழற்றிவிட்டு, நூல் கட்டி, உடுப்புக் கிளிப்பில் பிள்ளைகள் கீறினதைத் தொங்கவிட்டேன். காலையில் ஒருத்தி "என்ர வண்ணாத்திப்பூச்சி எங்க" என்று அரைமணி நேரம் அழுதாள். அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். அதற்கு உங்கள் ஆராய்ச்சியில் எத்தனை வீதம், தம்பி?

கோடுகீறி:
அதற்கு என்னிடம் விடையில்லை, ரீச்சர்.

கடலோர_அம்மா:
ரீச்சர் சொன்னதை வைத்து, வெள்ளைச்சுவர் இடத்துக்குத் திரும்பப் போனோம். தட்டில் சொரசொரப்பான தாளில் வெட்டி ஒட்டிய எழுத்துகள் இருக்கின்றன, பிள்ளை விரலால் தடவிப் பழக. இருபத்தாறும் ஆங்கிலம். தமிழ் ஒன்றுகூட இல்லை. கேட்டதற்கு, "தாய்மார் இங்கிலிஷ்தானே கேட்கினம்" என்றார் அந்த மிஸ். நாங்கள் செய்து தந்தால் வைப்பீர்களா என்றேன். கொண்டுவாங்கோ என்றார்.

அங்கேதான் சேர்க்கிறோம். ஆஸ்பத்திரி என்று சொன்ன மனிதர் இப்போது நிலத்தில் இருந்து 'அ' வெட்டிக்கொண்டிருக்கிறார். சுழி வெட்டும் இடத்தில் மூன்று தரம் பிய்ந்துவிட்டது. யாரிடமாவது பெரிய அளவில் உயிரெழுத்து அச்சு இருந்தால் இங்கே போட்டுவிடுங்கள். 'ஐ'யை நினைத்தால் எனக்கே பயமாக இருக்கிறது.