யாஷிகா எலக்ட்ரோ 35: உள்ளே இருக்கும் ரப்பர் பேடை மாற்றிய அனுபவம் யாருக்காவது உண்டா?

வணக்கம் நண்பர்களே. மும்பை சோர் பஜாரின் வெள்ளிக்கிழமைச் சந்தையில் ஒரு யாஷிகா எலக்ட்ரோ 35 ஜிஎஸ்என் பழைய ஃபிலிம் கேமரா கிடைத்தது. 45 எம்எம், எஃப் 1.7 லென்ஸ், கண்ணாடி பளிச்சென்று இருக்கிறது, ஃபங்கஸ் இல்லை. சந்தைச் சரக்கில் இது பெரிய அதிர்ஷ்டம்தான்!

பேட்டரி அறையில் பச்சைக் களிம்பு பூத்திருந்தது. வினிகரில் தோய்த்த பஞ்சால் துடைத்ததும் போய்விட்டது. இந்த கேமராவுக்கு வந்த 5.6 வோல்ட் பாதரச பேட்டரி இப்போது கிடைக்காது என்பதால், 6 வோல்ட் 4எல்ஆர்44 பேட்டரியை ஒரு ஸ்பிரிங் வைத்துப் பொருத்தினேன். செக் பட்டனை அழுத்தினால் பச்சை விளக்கு எரிகிறது.

சிக்கல் இதுதான்: ஃபிலிம் லீவரைத் தள்ளும்போது கேட்க வேண்டிய அந்த 'டொக்' சத்தம் வரவே இல்லை. உள்ளே இருக்கும் சின்ன ரப்பர் பேட் நொறுங்கிப்போயிருக்கும் என்று நினைக்கிறேன். இந்த மாடலின் பிரபலமான நோய் அதுதானே. பேட்டரி இல்லாவிட்டால் ஷட்டர் 1/500 நொடி வேகத்தில் மட்டும் அடிக்கும் என்பது தெரியும். என் பிரச்சினை அதுவல்ல.

மாற்றியவர்கள் சொல்லுங்கள்: மேல் மூடியைக் கழற்றினால் போதுமா, லென்ஸ் பகுதியையும் பிரிக்க வேண்டுமா? பேடுக்கு என்ன பொருள், எவ்வளவு கனத்தில் வெட்டினீர்கள்? வெளிச்சம் புகாமல் தடுக்கும் பின்கதவின் ஸ்பாஞ்சும் தார் மாதிரி ஒட்டுகிறது, ஆனால் அதை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் வைத்து நானே எடுத்துக்கொள்வேன். சென்னையில் இதைத் தைரியமாகத் திறக்கும் மெக்கானிக் இருந்தால் எந்தப் பகுதி என்று மட்டும் சொன்னால்கூடப் போதும்.